ஒன்பது நாளாக நகராத புள்ளி

ஏப்ரல் 2, காலை. வந்த கேள்வி:

"தெற்கேயிருந்து வடக்கே போன ஒரு பட்டைத்தலை வாத்தை வரைபடத்தில் தினமும் பார்த்து வருகிறேன். இமயத்தைத் தாண்டி திபெத்துக்குள் போய்விட்டது. அதன்பின் ஒன்பது நாளாகப் புள்ளி ஒரே இடத்தில் நிற்கிறது. செத்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். முதுகில் கருவியைக் கட்டி அனுப்பினால் வேறென்ன ஆகும்? கண்ணால் பார்த்து எழுதி வைத்தால் போதாதா?"

ஏப்ரல் 2, மதியம்

அவ்வளவு சீக்கிரம் முடிவு கட்டாதீர்கள். "ஒரே இடம்" என்பதை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தீர்கள்? பாதி ஆசியா திரையில் தெரியும்போது ஐந்து கிலோமீட்டர் அலைந்தாலும் ஒரே புள்ளியாகத்தான் தெரியும். உள்ளே போங்கள். ஏரியின் கரை தனியாகத் தெரிகிற அளவுக்குப் போங்கள்.

உயிரோடு இருக்கும் வாத்தின் புள்ளிகள் பெரும்பாலும் இரண்டு கொத்தாகப் பிரிந்து கிடக்கும். இரவுப் புள்ளிகள் தண்ணீரிலோ தண்ணீரோரத்திலோ இருக்கும், பகல் புள்ளிகள் புல்லிருக்கும் பக்கம் இருக்கும். செத்த பறவையோ கழன்று விழுந்த கருவியோ என்றால், ஒரு சிட்டிகை கடுகு சிந்தின மாதிரி எல்லாப் புள்ளியும் ஒரு சின்ன வட்டத்துக்குள் கிடக்கும். இரவு பகல் வித்தியாசம் இருக்காது. அந்தச் சிதறல் ஜிபிஎஸ்ஸின் பிழை. வெப்பநிலைப் பதிவு இருந்தால் அதையும் பாருங்கள். பறவையின் உடம்போடு ஒட்டியிருக்கும் கருவி, திபெத்தின் இரவுக் குளிரில் வெறுந்தரையில் கிடக்கும் கருவி அளவுக்குக் குளிராது.

ஒன்பது நாள் தங்குவதில் அதிசயமும் இல்லை. மலை ஏறி வந்த பறவை இழந்த கொழுப்பை மீட்க வேண்டும். மேலே வடக்கே இன்னும் ஏரிகள் உறைந்து கிடக்கும். சீக்கிரம் போய் என்ன செய்யப்போகிறது?

ஏப்ரல் 2, இரவு

பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்: இரண்டு கொத்து, நடுவே ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். நல்லது. இப்போதைக்கு அது மேய்ந்துகொண்டிருக்கிறது.

ஏப்ரல் 3

நேற்று நான் இவ்வளவு உறுதியாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இதே தவறை நானும் செய்திருக்கிறேன், அதுவும் இரண்டு பக்கமும்.

முதல் தடவை, ஒரு பறவை பதினேழு நாள் நின்றது. குறிப்பேட்டில் அதன் பெயருக்கு எதிரே குறுக்குக்கோடு போட்டுவிட்டேன். பதினெட்டாம் நாள் நானூறு கிலோமீட்டர் வடக்கே போய் நின்றது. அந்தக் குறுக்குக்கோட்டை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது தடவை நடந்ததை எழுத மனம் வரவில்லை, ஆனால் கேள்வி கேட்டவருக்கு அதுவும் தெரிய வேண்டும். ஒரு புள்ளி நான்கு நாள் ஒரே இடத்தில், கடுகு சிந்தின மாதிரி. கருவி கழன்றிருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஐந்தாம் நாள் புள்ளி நகர்ந்தது. எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி! பக்கத்து அறையில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்புறம்தான் பார்த்தேன், புள்ளிகள் சாலையின் மேலேயே போய்க்கொண்டிருந்தன. சாலை வளைகிற இடத்தில் புள்ளியும் வளைந்தது. கடைசியில் ஒரு ஊருக்குள் போய், வீடுகளுக்கு நடுவே நின்றது. இரண்டு நாள் அங்கேயே இருந்து அணைந்து போனது. வாத்து ஒருபோதும் சாலையின் வளைவைப் பார்த்துத் திரும்புவதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், நின்றதைப் பார்த்துத் துக்கப்படவும் வேண்டாம், நகர்ந்ததைப் பார்த்துக் கொண்டாடவும் வேண்டாம். எப்படி நிற்கிறது, எப்படி நகர்கிறது என்று பாருங்கள்.

ஏப்ரல் 5

"கண்ணால் பார்த்தால் போதாதா" என்பதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நானே கண்ணால் பார்க்கிற ஆள்தான். கருவியெல்லாம் வருவதற்கு முன்பிருந்து திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளத்துக் கரையில் நின்றிருக்கிறேன். கூழைக்கடாவுக்கும் சங்குவளை நாரைக்கும் மற்றவர்கள் வருவார்கள், நான் இந்த வாத்துக்குத்தான் போவேன். வெள்ளைத் தலையில் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை, மேல் பட்டை கண்ணிலிருந்து கண்ணுக்குப் போகும், கீழ்ப் பட்டை சின்னது, பிடரியில் நின்றுவிடும். கழுத்தின் பக்கவாட்டில் வெள்ளைக்கோடு ஒன்று மேலிருந்து கீழே இறங்கும். அலகும் காலும் ஆரஞ்சு மஞ்சள்.

ஒரு மார்ச் மாதம் மூன்றாம் வாரம். நெல் அறுத்த வயலில் அறுபத்து நாலு வாத்துகள் தாளுக்கிடையே மேய்ந்துகொண்டிருந்தன. மாலை ஆறு மணி ஆகியிருக்கும். கூட்டத்தின் ஓரத்தில் ஒன்று மேய்வதை நிறுத்திக் கழுத்தை நேராக்கியது. அலகைச் சட்டென்று மேலே தூக்கி இறக்கியது. மறுபடியும். பக்கத்தில் இருந்த இரண்டும் அதேபோல் செய்தன. கொஞ்ச நேரத்தில் கூட்டம் முழுக்க அந்தத் தலைவெட்டு பரவியது. காட்டு வாத்துகள் பறக்கப் போவதற்கு முன் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் விதம் அது. ஒன்று தொடங்கி மற்றவை சேராவிட்டால் அதுவும் மேய்ச்சலுக்குத் திரும்பிவிடும். அன்று எல்லாம் சேர்ந்தன. "ஆங்... ஆங்..." என்று மூக்கால் கூப்பிட்டுக்கொண்டே எழும்பின. வழக்கமாக வயலிலிருந்து குளத்துக்குத் தாழ்வாகப் போகும் கூட்டம், அன்று குளத்துக்கு மேலே சுற்றிச் சுற்றி உயரம் பிடித்தது. வெளிச்சம் போகப் போக உருவம் மறைந்து சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் வடக்கில் கேட்டது.

மறுநாள் காலை எண்ணினேன். பத்தொன்பது.

அந்த மாலையை எந்தக் கருவியும் எனக்குக் கொடுத்திருக்காது. ஆனால் அவை எங்கே போயின என்பதை என் கண்ணும் எனக்குச் சொல்லவில்லை.

ஏப்ரல் 6

நேற்று எழுதியதை ஒரு தடவை பழைய குறிப்பேட்டோடு ஒப்பிட்டேன். திருத்த வேண்டியிருக்கிறது.

அந்த மாலைக்கு இரண்டு நாள் கழித்து, ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு குளத்தில் முப்பத்தெட்டு வாத்து எண்ணியிருக்கிறேன். அதற்கு முந்தைய வாரம் அங்கே ஏழுதான். அதாவது அறுபத்து நாலில் காணாமல் போன நாற்பத்தைந்தில் முப்பதுக்கு மேல் பக்கத்துக் குளத்தில்தான் இருந்தன. உண்மையில் வடக்கே போனது பதினைந்துக்குள் இருக்கலாம். அதுகூட, மூன்றாவது ஒரு குளத்தை நான் பார்க்காமல் விட்டதால் சொல்கிற கணக்கு.

வலசை கிளம்பியதை நேரில் பார்த்தேன் என்று பல வருடமாகப் பலரிடம் சொல்லி வந்திருக்கிறேன். அவர்கள் எல்லோருக்கும் இந்தத் திருத்தம் போய்ச் சேரட்டும். தலைவெட்டு உண்மை, சுற்றி ஏறியது உண்மை. அதன் பொருள் என்ன என்று நான் நினைத்தது மட்டும் பாதி.

கேள்வி கேட்டவருக்கு என் பதில் இதுதான். கண் ஒரு குளத்தைப் பார்க்கும். நாற்பது பாகை அட்சரேகையைத் தாண்டிப் போகிற பறவையைக் கண் மட்டும் பின்தொடர முடியாது.

ஏப்ரல் 6, மாலை

நடுவில் ஒரு வழி இருக்கிறதே, கழுத்துப் பட்டை, அதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று ஒருவர் கேட்கிறார். விடவில்லை, வரிசையில் இருக்கிறது.

மொங்கோலியாவில் இந்த வாத்துகளின் கழுத்தில் பச்சை நிற பிளாஸ்டிக் பட்டை மாட்டுகிறார்கள். அதில் வெள்ளை எழுத்தும் எண்ணும் இருக்கும். மைசூர்ப் பக்கத்துக் குளங்களிலும் இப்படிப்பட்ட பறவைகளைப் படம் எடுத்திருக்கிறார்கள். பறவையைப் பிடிக்காமலே தூரத்திலிருந்து படிக்கலாம் என்பதுதான் இதன் பலம். படிப்பது எவ்வளவு கடினம் என்பதைக் கரையில் நின்றவர்கள் அறிவார்கள். ஒரு ஜனவரியில் நான் பார்த்த பட்டையின் முதல் எழுத்து உடனே தெரிந்தது. இரண்டாவது சுழியமா ஆறா? குனிந்து மேயும்போது கழுத்து இறகு பாதி எழுத்தை மூடிவிடும். தலை தூக்கினால் மூன்று விநாடி. காலை ஒன்பதுக்கு மேல் தொலைநோக்கியில் கானல் ஆடத் தொடங்கிவிடும், ஆறும் எட்டும் ஒன்றாகத் தெரியும். மூன்று நாள் காலையில் போனேன். மூன்றாம் நாள் அது தண்ணீர் குடிக்க வந்து தலையை நிமிர்த்தியபோது படம் கிடைத்தது. ஆறு.

அனுப்பிய பின் பதில் வந்தது: இரண்டு கோடைக்கு முன், ஒரு ஜூலையில், மொங்கோலிய ஏரிக்கரையில் மாட்டிய பட்டை. என்னிடம் இருந்தது இரண்டே இரண்டு இடம். கூந்தன்குளத்திலிருந்து மொங்கோலியாவின் தெர்கின் சகான் ஏரி வரை நேர்கோட்டில் பார்த்தாலே 4,800 கி.மீ.க்கு மேல் வரும். இரண்டு முனையை மட்டும் வைத்துக்கொண்டு நடுவில் என்ன நடந்தது என்று எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 8

இதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: "கோடு எவரெஸ்டுக்குப் பக்கத்திலேயே போகிறது, சிகரத்துக்கு மேலே பறந்திருக்கிறது."

வரைபடத்தில் தெரியும் கோடு பறவை போன பாதை கிடையாது. கருவி சில மணிக்கு ஒரு தடவை இடம் குறிக்கிறது. இரண்டு குறிக்கு நடுவே கணினி ஒரு கோடு இழுக்கிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே மலை இருந்தால் மலைக்கு மேலே பறந்த மாதிரித் தெரியும். பழைய ஆர்கோஸ் கருவிகளில் இன்னும் மோசம். அங்கே சுற்றிவரும் செயற்கைக்கோள், கருவியின் அலைவரிசை ஏறி இறங்குவதை வைத்து இடத்தைக் கணக்கிடும். மிகத் தரமான வகுப்பிலேயே பிழை 250 மீட்டர் வரை போகலாம், தரம் குறைந்தவற்றில் கிலோமீட்டர் கணக்கில் போகும். இமயத்தில் ஒரு கிலோமீட்டர் தள்ளினால் பள்ளத்தாக்கு சிகரமாகிவிடும்.

எவரெஸ்டுக்கு மேலே, அதன் பக்கத்து மகாலு சிகரத்துக்கு மேலே என்பதெல்லாம் 1950களிலும் 60களிலும் மலையேறியவர்கள் பார்த்ததாகவும் கேட்டதாகவும் சொன்னதிலிருந்து பரவிய பேச்சு. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. இருட்டில் தலைக்கு மேலே கேட்ட சத்தம் எவ்வளவு உயரத்திலிருந்து வந்தது என்று யார் அளக்க முடியும்? நானும் ஒரு மாலையில் சத்தத்தை வைத்துத்தான் "வடக்கே போயின" என்று எழுதினேன். 2013-இல் வெளிவந்த ஆய்வு 91 வாத்துகளைப் பின்தொடர்ந்தது. அதில் அதிகபட்ச உயரம் 7,290 மீட்டர். சிகரங்களுக்கு மேலே போகவில்லை, பள்ளத்தாக்குகளின் வழியாகத்தான் போயின.

ஏப்ரல் 8, இரவு 11 மணி

நகர்ந்துவிட்டது! சற்றுமுன் வந்த புள்ளி முந்தைய இடத்திலிருந்து 200 கி.மீ.க்கு மேல் வடகிழக்கே. சாலை எதுவும் பக்கத்தில் இல்லை, பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 9

ஒரு திருத்தம். நேற்று நான் கொடுத்த 7,290 மீட்டர், இலையுதிர்காலத்தில் தெற்கே வரும் பறவைகளில் பதிவானது. நாம் பேசிக்கொண்டிருப்பது வடக்கே போகும் பயணம். அதே ஆய்வில் வடக்கே போன வாத்துகளின் உச்ச உயரம் 6,540 மீட்டர். இரண்டு திசையையும் சேர்த்து, கிடைத்த இடக்குறிகளில் நூற்றுக்கு 95 பங்கு 5,489 மீட்டருக்குக் கீழேதான். மிகக் குறுகிய பாதையை விட 112 கி.மீ. கூடுதலாகச் சுற்றித்தான் போயிருக்கின்றன. இந்தச் சுற்று எனக்கு மிகவும் பிடித்த எண். தூரம் கூடினாலும் பரவாயில்லை, உயரம் குறையட்டும் என்று போகிறது பறவை. 5,500 மீட்டரில் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான்.

ஆனாலும் இந்த வாத்தின் ஏற்றத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். கூந்தன்குளத்திலும் ஒடிசாவின் சிலிக்கா ஏரியிலும் கருவி மாட்டிய பறவைகளும் சேர்ந்த ஆய்வு 2011-இல் வந்தது. கடல் மட்டத்தில் குளிர்காலம் கழிக்கும் கூட்டம் ஒரே நாளில் இமயத்தைத் தாண்டிவிடுகிறது. ஏழு எட்டு மணி நேரத்தில் 4,000 முதல் 6,000 மீட்டர் வரை ஏறுகிறது. இடையில் பழகிக்கொள்ள நாள் எடுப்பதில்லை. மனிதர்கள் அந்த உயரத்துக்கு முகாம் முகாமாக, வாரக்கணக்கில் ஏறுகிறோம்.

அதைவிட வியப்பு, எந்த நேரத்தில் ஏறுகிறது என்பது. பகலில் மலைச்சரிவில் காற்று கீழிருந்து மேலே வீசும். அதில் ஏறிப் போனால் சுலபம் என்று நாம் நினைப்போம். இவை பிற்பகலின் பலமான காற்றைத் தவிர்த்துவிட்டு, காற்று அடங்கிய இரவிலும் விடியலிலும் சொந்தச் சிறகின் பலத்தில் ஏறுகின்றன. பலமான காற்றில் கட்டுப்பாடு போய்விடும் என்பதால் இப்படிச் செய்கின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம். குளிர்ந்த காற்று அடர்த்தியும் கூடியது, சிறகுக்குப் பிடிமானம் அதிகம்.

ஏப்ரல் 12

பெயர் பற்றி இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வரித்தலை வாத்து, பட்டைத்தலை வாத்து இரண்டும் ஒன்றுதான். எதையாவது சொல்லுங்கள், எண்ணிக்கையைச் சரியாக எழுதுங்கள்.

ஆனால் மூன்றாமவர் கேட்டது நல்ல கேள்வி: "புறநானூற்றில் வரும் அன்னம் இதுதானா?" 67-ஆம் பாட்டு. பிசிராந்தையார் அன்னச் சேவலைப் பார்த்து, குமரித்துறையில் அயிரை தின்றுவிட்டு வடமலைக்குப் போகிறாய் என்றால், வழியில் சோழநாட்டில் கோழியில், அதாவது உறையூரில், தங்கி என் பெயரைச் சொல் என்கிறார். குமரியிலிருந்து வடமலை. கூந்தன்குளம் இருப்பது குமரிக்குப் பக்கத்தில். நான் முதன்முதலில் இந்தப் பாட்டைக் குளத்தையும் சேர்த்து நினைத்துப் பார்த்த அன்று தூங்கவே இல்லை. தெற்கில் குளிர்காலம் கழித்து வடக்கே மலைக்குப் போகும் பெரிய நீர்ப்பறவை என்றால் இதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

இப்போது தயக்கம் வந்திருக்கிறது. அயிரை மீன். இந்த வாத்து புல் தின்கிறது, நெல் தாளில் சிந்திய மணியைப் பொறுக்குகிறது, பயிரின் குருத்தைக் கடிக்கிறது. மீனுக்காக அலைவதை ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. அதனால் "இதுதான் அது" என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தெற்குக் கோடியிலிருந்து ஒரு பறவை பருவம் தவறாமல் வடமலைக்குப் போகிறது, வழியில் இறங்கித் தங்குகிறது என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. எனக்கு அது போதும். வழித்தங்கல் என்ற விஷயத்தை அவர் மறக்காமல் சொல்லியிருக்கிறார், நாம்தான் புள்ளி நின்றவுடன் பதறுகிறோம்.

ஏப்ரல் 14

கருவி பறவைக்குச் செய்யும் துன்பம் பற்றி. இதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன், எனக்கே தெளிவில்லாததால்.

பறவையின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் கருவி இருக்கக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. இரண்டரை கிலோ வாத்துக்கு 75 கிராம் வருகிறது. கேட்கும்போது சின்ன எண்தான். ஆனால் எடை மட்டும் பிரச்சினை இல்லை. முதுகில் நிற்கும் கருவி காற்றை இழுக்கும், அதைக் கட்டிய வார் இறகைத் தேய்க்கும். கழுத்துப் பட்டையும் முழுக்கப் பாவமில்லாதது கிடையாது. குளிர்நாடுகளில் காட்டு வாத்துகளின் கழுத்துப் பட்டையில் பனிக்கட்டி உறைந்து கனத்துப்போவது பதிவாகியிருக்கிறது.

இருந்தும் ஏன் மாட்டுகிறார்கள்? 2005-ஐ நினைத்துப் பாருங்கள். சீனாவின் சிங்ஹாய் ஏரியில் பறவைக் காய்ச்சலில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் செத்தன. அதிகம் செத்தவற்றில் இந்தப் பட்டைத்தலை வாத்தும் ஒன்று. இந்த ஏரிப் பறவைகள் எங்கே போகின்றன, எங்கிருந்து வருகின்றன என்ற கேள்விக்கு அப்போது பதில் அவசரமாகத் தேவைப்பட்டது. கருவி மாட்டிய பின்புதான் சிங்ஹாய்ப் பறவைகளில் பல திபெத்தின் லாசா பக்கத்துப் பள்ளத்தாக்குகளிலேயே குளிர்காலத்தைக் கழிப்பது தெரிந்தது. பட்டைத்தலை வாத்து என்றாலே இமயம் தாண்டும் என்று நாம் நினைப்பதும் சரியில்லை. தாண்டாதவையும் இருக்கின்றன.

இன்னொன்று, 2015-இல் வந்த இதயத்துடிப்பு ஆய்வு. மொங்கோலியாவின் தெர்கின் சகான் ஏரி வாத்துகளின் உடலுக்குள் சின்னப் பதிவுக் கருவியை வைத்தார்கள். அடுத்த ஆண்டு அதே பறவையைத் திரும்பப் பிடித்தால்தான் பதிவு கிடைக்கும். அதில் தெரிந்தது: சிறகடிப்பு நூற்றுக்கு ஐந்து பங்கு கூடினாலே இதயத்துடிப்பு 19 பங்கும், செலவாகும் ஆற்றல் 41 பங்கும் கூடுகிறது. காற்று மெலிய மெலியச் செலவு நாம் நினைத்ததை விட வேகமாக ஏறுகிறது. அதனால் ஒரு தடவை ஏறிவிட்டு மேலேயே போய்க்கொண்டிருப்பது அதற்குக் கட்டுப்படியாகாது. தரையின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. கஷ்டப்பட்டு ஏறிய உயரத்தை இப்படி விட்டுவிடுவதுதான் லாபம் என்பது நம் புத்திக்கு எட்டாத கணக்கு.

இதெல்லாம் பறவையைத் தொடாமல் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது. அதற்காக ஆண்டுதோறும் நூறு நூறாக மாட்ட வேண்டுமா? வேண்டாம் என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். கேள்வி தெளிவாக இருக்கும்போது, சிலவற்றுக்கு மட்டும் மாட்டினால் போதும். அந்தச் சிலவற்றைப் பற்றிய ஒவ்வொரு புள்ளியையும் வீணாக்காமல் படிக்க வேண்டும். கேள்வி கேட்டவரின் கோபம் நியாயமானது, அதை மறுக்க நான் இதை எழுதவில்லை.

ஏப்ரல் 15

12-ஆம் தேதிக் குறிப்புக்கு ஒருவர் பதில் எழுதியிருக்கிறார்: கடலோரத்தில் இருக்கும் பட்டைத்தலை வாத்துகள் நண்டு, இறால் வகை ஓட்டுடலிகள் போன்ற சின்ன உயிர்களையும் தின்பதுண்டு. சரிதான், படித்திருக்கிறேன், எழுதும்போது விட்டுவிட்டேன். அயிரைக்கு அது சாட்சியாகாது, ஆனால் கதவை முழுக்கச் சாத்தவும் முடியாது.

ஏப்ரல் 21

"அவ்வளவு மெல்லிய காற்றில் மூச்சு எப்படி?" என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறார். அதன் ஹீமோகுளோபினில் ஒரு சின்ன மாற்றம், ஆக்சிஜனைக் கூடுதலாகப் பற்றிக்கொள்ளும்படி. உடலுக்கு ஒப்பிட்டால் நுரையீரல் பெரிது. பறக்கும் தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன.

இன்னும் கேட்க ஆசைப்பட்டால், பின்னாளில் விண்வெளி வீராங்கனையான உயிரியலாளர் ஜெசிகா மீர் செய்த ஆய்வைப் பாருங்கள். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளைத் தானே தாயாக இருந்து வளர்த்து, காற்றுச் சுரங்கத்துக்குள் முகமூடியோடு பறக்கப் பழக்கினார். முகமூடி வழியே ஆக்சிஜனைக் குறைத்துக் கொடுத்தார், ஏறக்குறைய 9,000 மீட்டரில் இருக்கும் அளவுக்கு. அதிலும் சில வாத்துகள் பறந்தன. இதயத்துடிப்பைக் கூட்டிக்கொள்ளாமல், செலவைக் குறைத்துக்கொண்டு, இரத்தம் குளிர்ந்த நிலையில். குளிர்ந்த இரத்தம் ஆக்சிஜனைக் கூடுதலாகச் சுமக்கும். ஆய்வு வெளிவந்தது 2019-இல். அதே ஆண்டு அக்டோபரில் அவர் விண்வெளி நிலையத்துக்கு வெளியே நடந்தார், பெண்கள் மட்டுமே பங்கேற்ற முதல் விண்நடையில்.

சுரங்கத்தில் பறந்தது சில நிமிடம்தான் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். 9,000 மீட்டரில் பறக்க முடிவதும், வழக்கமாகப் பறப்பதும் வேறு வேறு. 8-ஆம் தேதி சொன்னது அப்படியே நிற்கிறது.

ஏப்ரல் 26

ஆறு நாளாகப் புள்ளியே வரவில்லை. நிற்கவும் இல்லை, நகரவும் இல்லை, வெறுமை. இப்போது கேள்வி கேட்டவர் அமைதியாக இருக்கிறார், எனக்குத்தான் தூக்கம் இல்லை.

காரணம் சாதாரணமானதாக இருக்கலாம். சூரிய ஒளியில் மின்னேற்றம் ஆகும் கருவி, மேகமூட்டத்தில் பட்டினி கிடக்கும். முதுகு இறகு வளர்ந்து தகட்டை மூடிவிடும். கைபேசிக் கோபுரம் வழியே செய்தி அனுப்பும் வகை என்றால், கோபுரம் இல்லாத வெளியில் எல்லாவற்றையும் உள்ளே சேர்த்து வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் இடத்தில் மொத்தமாகக் கொட்டும்.

ஏப்ரல் 30

கொட்டியது. பத்து நாள் புள்ளிகள் ஒரே காலையில்! மொங்கோலியாவுக்குள் வந்துவிட்டது. நடுவில் பாலைநிலத்தை இரண்டே இரவில் கடந்திருக்கிறது, அந்த இரண்டு இரவுக்கும் நடுவே, பகலில், ஒரு சின்ன ஈர நிலத்தில் இறங்கியிருந்திருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் அந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். ஒரு பழுப்பு வெளியில் நகக்கண் அளவு பச்சை. அதை எப்படி இருட்டில் கண்டுபிடித்தது? முன்பு வந்திருக்கிறது, நினைவு வைத்திருக்கிறது என்றுதான் சொல்ல முடிகிறது. காட்டு வாத்துக் குஞ்சுகள் முதல் பயணத்தைப் பெற்றோரோடு சேர்ந்துதான் செய்கின்றன, வழியை அப்படித்தான் படிக்கின்றன. யாரோ ஒரு தாய் வாத்து இதற்கு அந்தப் பச்சையைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

மே 3

கூந்தன்குளத்துக்குப் போய் வந்தேன். வாத்து ஒன்றுகூட இல்லை. மேய்ந்த வயலில் உலர்ந்த எச்சம் மட்டும், புல் நாராக உதிர்கிறது கையில்.

மே 17

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "மறுபடி எட்டு நாளாக நிற்கிறது. இந்தத் தடவை நான் பதறவில்லை. பெரிதாக்கியும் பார்த்தேன். இரண்டு கொத்து இல்லை, ஒரே கொத்து. ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவு. என்ன சொல்கிறீர்கள்?"

தீவு என்றதும் எனக்குக் கை நடுங்கியது. இந்த வாத்துகள் நரியும் ஓநாயும் எளிதில் எட்டாத தீவுகளில், கூட்டமாகக் கூடு வைக்கும். அடைகாப்பது பெண் மட்டும், 27 முதல் 30 நாள். ஆண் பக்கத்திலேயே காவல் நிற்கும். நம்முடையது ஆணா பெண்ணா என்பது வரைபடத்தில் போடவில்லை, அதனால் ஒரே கொத்து என்பதை வைத்து அடைகாக்கிறது என்று நான் முடிவாகச் சொல்ல மாட்டேன். ஏப்ரல் 2-இல் நான் கொடுத்த இரண்டு கொத்து விதியும் கூட்டில் உட்கார்ந்திருக்கும் பறவைக்குப் பொருந்தாது. அதை அன்றே எழுதியிருக்க வேண்டும்.

வெப்பநிலையைப் பாருங்கள். சீராக இருந்தால் உயிரோடு இருக்கிறது. நாளுக்கு ஒன்றிரண்டு புள்ளி மட்டும் கொத்தை விட்டுக் கரைக்குப் போய்த் திரும்பினால், கூட்டை இலை தழையாலும் தன் இறகாலும் மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் மேயப் போகும் தாய் வாத்து அது.

எட்டு நாள் ஆகிவிட்டது. முட்டைகள் எல்லாம் இட்டு முடிந்த பின்தான் அடைகாத்தல் தொடங்கும், எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஜூன் முதல் பத்து நாளுக்குள் பாருங்கள். குஞ்சுகள் பொரிந்தால் புள்ளி தீவை விட்டு இறங்கும். பறக்காது. நாளுக்குச் சில நூறு மீட்டர், கரையை ஒட்டி, நின்று நின்று. அப்படி நகர்ந்தால் உடனே எழுதுங்கள், இரவு எந்த நேரமானாலும் விழித்திருப்பேன்.